அன்னையின் பெயர் தாங்கிய ஏடு
(சிசிர்குமார் கோஷ் வாழ்க்கை வரலாறு)

ஆண்டுதோறும் நம் சங்கத்தின் விழா மலர் வெளிவருவதற்குள் படும் பாட்டை அதில் கைகொடுத்தோர் நன்கு அறிவர். கட்டுரை தருவதாக வாக்களித்தவர் மறந்துவிடுவார். விளம்பரம் தருவதாகச் சொன்ன கடைக்காரர் ஊருக்குப் போயிருப்பார். தமிழறியாத அச்சகத்தாரிடமிருந்து வரும் புரூஃபில் ழகரமும் ளகரமும் இடம் மாறி நிற்கும். ஆண்டுக்கு ஒரு மலர் கொணர்வதற்கே நமக்கு இத்தனை தொல்லை. அவ்வாறிருக்க, சந்தை கூடும் ஒரு சிற்றூரில் ஒரு குடும்பத்தார் தாமே எழுதி, தாமே அச்சடித்து, வாரந்தோறும் ஓர் இதழை நடத்தினர். அவ்விதழ் பின்னர்த் தலைநகருக்குக் குடிபெயர்ந்து, இந்தியா முழுவதும் அறிந்த நாளேடாக வளர்ந்து, 123 ஆண்டுகள் நிலைத்தது என்றால், அது வியப்பன்றோ! அவ்விதழே 'அமிர்த பஜார் பத்திரிகை'. அதனை உருவாக்கிய பெருமகனார் சிசிர்குமார் கோஷ். வங்க மண்ணில் வந்து குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் அவர் வரலாற்றை அறிந்துகொள்வது பொருத்தமுடையது எனக் கருதி, நாம் அறிந்தவரை இங்கே சுருங்க எழுதுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

இன்று பங்களாதேசத்தைச் சேர்ந்துள்ள ஜெசூர் மாவட்டத்தில் பலுவா மாகுரா என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் 1840-ஆம் ஆண்டு சிசிர்குமார் பிறந்தார். தந்தையார் ஹரிநாராயண கோஷ் வழக்கறிஞர் தொழில் செய்தவர். அன்னையார் பெயர் அமிர்தமயி. வசந்தகுமார், ஹேமந்தகுமார் என்பவர்கள் சிசிர்குமாருக்கு மூத்தவர்கள், மோதிலால் இளையவர். மூத்தவர் மூவரின் பெயர்களும் பருவங்களின் பெயர்கள் என்பதைக் காண்க. வசந்தம் நம் இளவேனில், ஹேமந்தம் முன்பனி, சிசிரம் பின்பனி. பிள்ளைகளுக்குப் பருவங்களின் பெயரை இட்டு மகிழ்ந்த அவ்வீட்டின் சுவையுணர்வை நம்மால் எளிதில் உணர முடிகிறது.

சிசிர்குமார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டு அங்கே ஆங்கிலக் கல்வி பெற்றார். கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பட்டு அதே ஆண்டில் முதன்முறையாக நுழைவுத் தேர்வை நடத்திய போது, அதில் தேறியவர்களுள் அவரும் ஒருவர். அத்தேர்வையே பின்னாளில் மெட்ரிகுலேஷன் என்று வழங்கலாயினர். நம்மைப் போன்ற பலருக்கு மெட்ரிகுலேஷன் என்பது உத்தியோகத்திற்கு ஒரு வாயில்; அதனோடு ஏட்டைக் கட்டி வைத்துவிடுகிறோம். சிசிர்குமாருக்கோ அதன் பிறகுதான் உண்மையான கல்வி தொடங்கியது. அக்கல்வியைத் தந்த ஆசிரியர்கள் அவர் பிறந்த மாவட்டத்துக் குடியானவர்கள்.

அவுரித் துயரம்

அக்காலத்தில் ஜெசூர், நதியா முதலிய மாவட்டங்களில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் அவுரிச் சாகுபடி நடத்திவந்தனர். அவுரியிலிருந்து எடுக்கும் நீலச் சாயத்துக்கு மேலைநாட்டில் நல்ல விலை கிடைத்தது. ஆனால் அதனைப் பயிரிட்ட குடியானவனுக்குக் கிடைத்தது கடனும் கண்ணீருமே. முதலாளி சிறிது முன்பணம் கொடுப்பான். அதை வாங்கியவன் தன் நிலத்தின் நல்ல பகுதியில் நெல்லை விட்டு அவுரியை விதைத்தாக வேண்டும். விலையை முடிவு செய்பவனும் முதலாளியே. அளவு பார்ப்பவனும் அவன் ஆளே. கணக்கு முடியும்போது குடியானவன் கடனாளியாகவே நிற்பான். அக்கடன் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும். மறுத்தவனைத் தடியாட்கள் வந்து அடித்துக் கொண்டு போவர். 1859-இலும் 1860-இலும் இக்கொடுமை பொறுக்காமல் குடியானவர்கள் ஊர் ஊராக ஒன்றுகூடி, இனி அவுரி விதைப்பதில்லை என்று உறுதி பூண்டனர்.

இருபது வயதுகூட நிரம்பாத சிசிர்குமார் அவ்வூர்களிலெல்லாம் சுற்றினார். கண்டவற்றையும் கேட்டவற்றையும் எழுதிக் கல்கத்தாவில் ஹரிஷ் சந்திர முகர்ஜி நடத்திவந்த 'ஹிந்து பேட்ரியட்' என்னும் ஆங்கில வார இதழுக்கு அனுப்பினார். அவர் கடிதங்கள் அவ்விதழில் வெளிவந்தன. வேறு பலருடைய முயற்சியும் சேர்ந்து, 1860-இல் அரசாங்கம் அவுரி விசாரணைக் கமிஷனை அமைத்தது. எட்டாத சிற்றூரில் நடக்கும் அநியாயம் அச்சில் ஏறினால் அரசாங்கம் காது கொடுத்தாக வேண்டியிருக்கிறது என்ற உண்மையை அவ்விளைஞர் அந்நாளிலேயே கற்றுக்கொண்டார். மறு ஆண்டில் ஹரிஷ் சந்திர முகர்ஜி காலமானார். பிறர் இதழையே நம்பி எழுதுவோர்க்கு அந்த ஆசிரியர் மறைந்தால் வழி அடைபட்டுவிடும் என்பதையும் சிசிர்குமார் உணர்ந்திருக்க வேண்டும்.

சந்தையூரில் ஓர் அச்சகம்

கோஷ் சகோதரர்கள் தம் ஊரில் ஒரு சந்தையை ஏற்படுத்தி அதற்கு அன்னையின் பெயரை இட்டு 'அமிர்த பஜார்' என்றனர். நாளடைவில் ஊருக்கும் அப்பெயரே நிலைத்தது. பின்னர் அவ்வூரில் ஓர் இதழ் நடத்த எண்ணிய போது, கல்கத்தாவிலிருந்து பழைய மரத்தாலான அச்சுப்பொறி ஒன்றை 32 ரூபாய்க்கு வாங்கி வந்தனர். சிசிர் பாபு அச்சுத் தொழிலைத் தாமே கற்றுக்கொண்டார். எழுத்துக் கோப்பது, மை தடவுவது, தாளை வைத்து அழுத்தி எடுப்பது ஆகிய வேலைகளைக் கூலியாட்களின் வேலை என்று அவர் ஒதுக்கவில்லை. வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளை, பட்டணத்தில் படித்தவர், கையில் மை படியக் கிராமத்தில் அச்சுக்கோத்து நின்றதை அந்நாளில் எத்தனை பேர் ஏளனமாக நோக்கியிருப்பர்! கைத்தொழிலைக் கற்ற அந்த மனமே பின்னாளில் அவ்விதழின் உயிரைக் காத்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1868-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள், வியாழக்கிழமை, 'அமிர்த பஜார் பத்திரிகை' வங்கமொழி வார இதழாக முதன்முதலில் வெளிவந்தது. அன்னையின் பெயர் சந்தைக்கு ஆயிற்று; சந்தையின் பெயர் ஊருக்கு ஆயிற்று; ஊரின் பெயர் இதழுக்கு ஆயிற்று. அதிகாரிகளின் அடாத செயல்களும் குடியானவர்களின் குறைகளும் அதில் அஞ்சாமல் எழுதப்பட்டன. அடுத்த ஆண்டு முதல் ஆங்கிலப் பகுதியும் சேர்க்கப்பட்டது. குறை உடையவனுக்கு வங்கமொழியும், குறையைத் தீர்க்க வேண்டியவனுக்கு ஆங்கிலமும் வேண்டியிருந்தன அல்லவா?

இதழ் தொடங்கிச் சில மாதங்கள் ஆவதற்குள் ஆங்கிலேய அதிகாரி ஒருவரைப் பற்றி எழுதியதற்காக அவதூறு வழக்குத் தொடரப்பட்டது. சிசிர் பாபு விடுதலை பெற்றார். ஆயினும் இதழை அச்சிட்டவருக்குத் தண்டனை கிடைத்தது. வழக்குச் செலவால் குடும்பம் பெருங்கடனில் ஆழ்ந்தது. அப்பொழுதும் இதழ் நிற்கவில்லை. 1871-இல் அவ்வட்டாரத்தில் கொடிய நோய் பரவி மக்கள் மடியலாயினர். குடும்பத்தார் ஊரை விட்டுக் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தனர். சில ஆண்டுகளில் மாநகரின் வடபகுதியில், கங்கைக் கரையை ஒட்டிய பாக்பஜாரில் நிலைகொண்டனர். ஊர் பின்னே நின்றுவிட்டது. ஊரின் பெயரை மட்டும் உடன் கொண்டு வந்தனர். மாநகரில் குடியேறிய பின்னும் இதழின் பெயரை மாற்ற அவர்கள் எண்ணவில்லை.

கல்கத்தாவில் பொதுப்பணி

அந்நாளில் கல்கத்தாவில் இருந்த அரசியற் சங்கம் பெரும்பாலும் ஜமீன்தார்களின் சங்கமாக இருந்தது. நடுத்தர மக்களுக்கும் குடியானவர்களுக்கும் ஓர் அமைப்பு வேண்டும் என்று கருதி, 1875-இல் சிசிர் பாபு 'இந்தியன் லீக்' என்னும் சங்கத்தை நிறுவினார். கல்கத்தா நகரசபைக்கு வரி செலுத்துவோரே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்று அச்சங்கம் கிளர்ச்சி செய்தது. 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவ்வுரிமை கிட்டியது. தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் வேண்டி நகரசபைக்கு மனு எழுதும் நம் காலனிவாசிகள், இத்தேர்தல் முறைக்காக வாதாடிய முன்னோரை நன்றியோடு நினைத்தல் வேண்டும். 'இந்தியன் லீக்' நெடுநாள் நிலைக்கவில்லை. சுரேந்திரநாத் பானர்ஜியும் ஆனந்தமோகன் போஸும் 1876-இல் தொடங்கிய 'இந்தியன் அசோசியேஷன்' அதன் இடத்தைப் பெற்றுக்கொண்டது.

1878-ஆம் ஆண்டு

இனிச் சிசிர் பாபுவின் பெயரைச் சொன்ன உடனே யாவருக்கும் நினைவுக்கு வரும் நிகழ்ச்சிக்கு வருவோம். அப்பொழுது லிட்டன் பிரபு வைசிராய். சர் ஆஷ்லி ஈடன் வங்கத்தின் லெப்டினண்ட் கவர்னர். ஈடன் துரை சிசிர் பாபுவை அழைத்து, எழுதுவதை முன்கூட்டித் தம்மிடம் காட்டிவிட்டு வெளியிட்டால் அரசாங்க ஆதரவு கிட்டும் என்று ஆசை காட்டியதாகவும், அதற்கு அவர் நாட்டில் நேர்மையான பத்திரிகைக்காரன் ஒருவனாவது இருக்கட்டும் என்ற கருத்துப்பட விடையிறுத்து விடைபெற்றதாகவும் அக்குடும்பத்தார் சொல்லிவந்தனர்.

1878 மார்ச் 14-ஆம் நாள் சுதேச மொழிப் பத்திரிகைச் சட்டம் ஒரே அமர்வில் நிறைவேறியது. அதன்படி, இந்திய மொழியில் இதழ் நடத்துவோரிடம் மாஜிஸ்ட்ரேட் ஈட்டுப் பத்திரம் கேட்கலாம். அரசாங்கத்தின் மீது வெறுப்பைத் தூண்டும் எழுத்து என்று தோன்றினால், ஈட்டுத் தொகையோடு அச்சுப்பொறியையும் பறிமுதல் செய்யலாம். நீதிமன்றத்தில் முறையிட வழியில்லை. ஆங்கிலத்தில் வெளிவரும் இதழ்களுக்கு மட்டும் இச்சட்டம் பொருந்தாது. தாய்மொழியில் எழுதினால் குற்றம், அதையே அந்நிய மொழியில் எழுதினால் குற்றமில்லை! இச்சட்டம் அமிர்த பஜார் பத்திரிகையை மனத்திற்கொண்டே இயற்றப்பட்டது என்ற எண்ணம் அந்நாளில் பரவியிருந்தது.

சட்டம் நிறைவேறிய நாள் வியாழக்கிழமை. அடுத்த வியாழக்கிழமை, மார்ச் 21-ஆம் நாள், 'அமிர்த பஜார் பத்திரிகை' முழுவதும் ஆங்கிலத்தில் வெளிவந்தது! ஒரே இரவில் மாற்றினார்கள் என்று இதனை மிகைப்படுத்திச் சொல்வாரும் உண்டு. வார இதழ் ஆகையால் ஒரு வாரம் இடையில் இருந்தது. ஆங்கிலப் பகுதி முன்னரே இருந்தமையால் ஆங்கில எழுத்துகளும் கைவசம் இருந்தன. ஆயினும் வியப்பு சிறிதும் குறையவில்லை. ஏழே நாளில் ஓர் இதழின் மொழியை மாற்றுவதென்றால், எழுதுபவர் மாற வேண்டும். அச்சுக்கோப்பவர் மாற வேண்டும். பிழை திருத்துபவர் மாற வேண்டும். கூலிக்கு அமர்த்திய ஆட்களைக் கொண்டு நடத்தும் இதழாயின் இது கைகூடியிராது. இங்கோ எழுதுவோரும் அச்சறிந்தோரும் ஒரே குடும்பத்தார். யாருடைய அனுமதியையும் கேட்க வேண்டியதில்லை; எந்தப் பங்குதாரரையும் கூட்ட வேண்டியதில்லை. அண்ணனும் தம்பியும் கலந்து முடிவு செய்தனர். முடிவு செய்ததைத் தம் கையாலேயே செய்து முடித்தனர். 32 ரூபாய் அச்சுப்பொறியின் முன் நின்று கற்ற பாடத்தின் பயன் அன்று தெரிந்தது. சட்டம் இயற்றியோர் திகைத்து நின்றனர். அச்சட்டமும் ரிப்பன் பிரபு காலத்தில், 1882-இல் நீக்கப்பட்டது.

ஊதியமும் இழப்பும்

இந்நிகழ்ச்சியை வெற்றி என்று மட்டும் எழுதிவிட்டு மேலே செல்ல நமக்கு மனம் வரவில்லை. இதழ் பிழைத்தது உண்மை. ஆங்கிலத்தில் வந்தமையால் அதன் குரல் பம்பாய்க்கும் சென்னைக்கும் இலண்டனுக்கும் எட்டியது என்பதும் உண்மை. ஆனால் வங்கமொழி மட்டுமே அறிந்திருந்த ஜெசூர்க் குடியானவனின் நிலை என்ன? படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, மரத்தடியில் அமர்ந்து பத்துப் பேர் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஏடு ஒன்று அவனுக்கு இல்லாமற் போயிற்று. யாருக்காக இதழ் தொடங்கப்பட்டதோ அவர்களுக்கே அது விளங்காத மொழியில் வந்தது. சட்டம் நீங்கிய பின்னரும் அவ்விதழ் வங்கமொழிக்குத் திரும்பவில்லை. பெற்ற வாசகரை விட்டுவிட எந்த இதழுக்கும் எளிதில் மனம் வராது போலும்.

இங்கே நம் நாட்டுப் பெரியார் ஒருவரை நினைத்தல் தகும். அதே 1878-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயரும் நண்பர் ஐவரும் 'இந்து' என்னும் ஆங்கில வார இதழைத் தொடங்கினர். ஆங்கிலம் அறியாத மக்களுக்கு அது பயன்படாது என்பதை உணர்ந்த ஐயர், 1882-இல் 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ் வார இதழையும் தொடங்கினார். ஆங்கிலம் ஆள்வோரோடு வாதாடுவதற்கு. தாய்மொழி தம் மக்களோடு பேசுவதற்கு. இரண்டில் ஒன்றைக் கைவிட நேர்ந்தால் அவ்விழப்புக்கு வேறு வழியில் ஈடு செய்தாக வேண்டும். சிசிர் பாபுவும் அதை அறியாதவர் அல்லர். தம் உள்ளத்துக்கு மிக நெருங்கிய பொருளை எழுதப் புகுந்த போது அவர் எம்மொழியை நாடினார் என்பதை அவருடைய பிற்கால வாழ்க்கை காட்டும்.

நாளேடாக மலர்தல்

1889-இல் காஷ்மீர் மகாராஜா பிரதாப் சிங்கின் அதிகாரத்தை அரசாங்கம் பறித்தது. அது பற்றிய அரசாங்க இரகசிய ஆவணம் ஒன்றை அக்டோபர் மாதம் பத்திரிகை வெளியிட்டுவிட்டது. வைசிராய் லான்ஸ்டவுன் பிரபு சட்டசபையிலேயே அதைக் கண்டித்துப் பேசினார். அம்மாதத்திலேயே அரசாங்க இரகசியச் சட்டமும் இந்தியாவில் நிறைவேறியது.

1891 பிப்ரவரி 19-ஆம் நாள் பத்திரிகை நாளேடாயிற்று. அவ்வேளையில் நாட்டைக் கலக்கிக்கொண்டிருந்தது சம்மத வயது மசோதா. பெண்களுக்கு அவ்வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்துவதற்கு வந்த அம்மசோதாவை, நம் குடும்ப வழக்கங்களில் அந்நிய அரசு தலையிடலாகாது என்று சொல்லிப் பத்திரிகை கடுமையாக எதிர்த்தது. அன்னையின் பெயரைத் தாங்கிய ஏடு சிறுமியரைக் காக்க வந்த சட்டத்தை எதிர்த்து நின்றது வருந்தத் தக்கதே. பெரியோர் வரலாற்றை எழுதும்போது அவர்தம் குறையை மறைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இறுதிக் காலமும் வழிமுறையினரும்

நாளேட்டுப் பொறுப்பை இளையவர் மோதிலாலிடம் படிப்படியாக ஒப்படைத்துவிட்டு, சிசிர் பாபு சைதன்ய மகாப்பிரபுவின் பக்தி நெறியில் ஆழ்ந்தார். ஆங்கிலம் அறிந்தோருக்காக 'லார்ட் கௌராங்கா' என்று இரண்டு பாகங்கள் எழுதினார். ஆனால் அவர் உள்ளம் உருகி, ஆறு பாகங்களாக விரித்தெழுதிய 'அமிய நிமாய் சரித்' என்னும் வரலாறு வங்கமொழியில் அமைந்தது. இதழில் கைவிட்ட தாய்மொழியை நூலில் மீண்டும் பற்றிக்கொண்டார். 1911 ஜனவரி 10-ஆம் நாள் அப்பெருமகனார் மறைந்தார்.

மோதிலால் பாபு தம் காலம் முழுவதும் அண்ணனின் வழி பிறழாமல் பத்திரிகையை நடத்தி 1922-இல் காலமானார். சிசிர் பாபுவின் புதல்வர் துஷார் காந்தி கோஷ் நெடுங்காலம் ஆசிரியராக விளங்கினார். அக்குடும்பத்தார் 1937-இல் 'ஜுகாந்தர்' என்னும் வங்கமொழி நாளேட்டைத் தொடங்கினர். ஆங்கிலத்துக்கு மாறிய அந்த வியாழக்கிழமைக்கு 59 ஆண்டுகளுக்குப் பின்னர், ஊராரின் மொழியில் மீண்டும் நாள்தோறும் பேசத் தொடங்கிற்று அவ்வீடு. 1991-இல் 'அமிர்த பஜார் பத்திரிகை' நின்றுபோயிற்று. அதனை நடத்திய துஷார் காந்தி கோஷ் 1994-இல் மறைந்தார். குடும்பத்தின் கையில் இருந்தமையால் வாழ்ந்த ஏட்டைக் குடும்பத்தால் என்றென்றும் காக்க இயலவில்லை. எனினும் மூன்று நூற்றாண்டுகளைத் தொடாவிடினும் இரண்டு நூற்றாண்டுகளைத் தொட்ட வாழ்வு சிறிய வாழ்வன்று.

நமக்குரிய பாடம்

நாமும் ஊரை விட்டு வந்தவர்கள். மாற்றல் உத்தரவும் பிழைப்பும் நம்மை இங்கே கொணர்ந்தன. நம் குழந்தைகள் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், தெருவில் வங்கமொழியும் பேசுகின்றனர். அது குற்றமன்று, பிழைக்கும் வழி. சிசிர் பாபுவும் பிழைக்கும் வழியாகவே அன்று ஆங்கிலத்தைக் கைக்கொண்டார். ஆனால் ஊரிலிருக்கும் பாட்டி தமிழில் எழுதும் கடிதத்தைப் பேரப்பிள்ளை படிக்க இயலாமல் தாயிடம் நீட்டும் காட்சி நம் காலனியில் அருமையன்று. ஜெசூர்க் குடியானவன் இழந்ததை நம் வீட்டு முதியவர்களும் இழக்கலாமா? அக்குடும்பத்துக்கு அவ்விழப்பைச் சரிசெய்ய 59 ஆண்டுகள் பிடித்தன. நம் வீடுகளில் அத்தனை ஆண்டுகள் காத்திருந்தால் கடிதம் எழுதுவோரும் இருக்கமாட்டார்; படிக்கச் சொல்வோரும் இருக்கமாட்டார்.

ஆகவே அன்பர்கள் தம் பிள்ளைகளை ஞாயிறுதோறும் நடைபெறும் நம் சங்கத் தமிழ் வகுப்புக்குத் தவறாமல் அனுப்புதல் வேண்டும். அடுத்த ஆண்டு மலரில் அப்பிள்ளைகளே தம் கையால் எழுதிய தமிழ்க் கட்டுரை ஒன்றேனும் இடம்பெற வேண்டும். அதில் ழகரமும் ளகரமும் சற்று இடம் மாறினும் குறையில்லை. திருத்திக்கொள்ள நாம் இருக்கின்றோம். ஒரு சிற்றூர் அன்னையின் பெயரை உலகறியச் செய்த சிசிர்குமார் கோஷின் நினைவு வாழ்க!